நெட்டிலும் செந்தட்டியும் ஒன்றா?

ஸ்காட்லந்தில் இடிந்து கிடந்த பழைய பண்ணை வீடு ஒன்றின் சுவரோரம் படம் எடுக்க நின்றபோது ஒரு செடி காலில் உரசித் தடித்துப்போனதாகவும், அங்கிருந்தவர்கள் அதை நெட்டில் என்று சொன்னதாகவும், சிங்கப்பூர் திரும்பிய பின் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்த உங்கள் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “இது நம்ம செந்தட்டிதானே” என்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒன்றா, இந்தச் செடி சிங்கப்பூரில் உண்டா, இங்கே கடைகளில் தேநீர்ப் பைகளாக விற்கும் நெட்டில் இலை அதுவேதானா என்பவை உங்கள் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் யாரும் நட்டு வளர்க்காமலேயே மனிதரோடு இவ்வளவு காலம் ஒட்டி வாழ்ந்து வரும் செடிகள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் ஸ்காட்லந்தில் கண்டது உர்டிகா டயோயிகா என்னும் செடி. ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் இயல்பாக வளர்வது. காஞ்சொறி, செந்தட்டி என்றெல்லாம் தமிழ்நாட்டில் வழங்கும் செடி ட்ரேஜியா இன்வாலுக்ரேட்டா. அது ஆமணக்கும் மரவள்ளியும் இடம்பெறும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நெட்டில் நிமிர்ந்து இடுப்பளவும் அதற்கு மேலும் வளர்ந்து, மண்ணுக்கடியில் மஞ்சள் நிறக் கிழங்குத் தண்டுகளை ஓட்டிப் பெரும் புதராகப் பரவும். செந்தட்டியோ வேலியிலும் புதரிலும் சுற்றிக்கொண்டு ஏறும் மெல்லிய கொடி. மூன்று பகுதியாகப் பிரிந்த அதன் சிறு காயைச் சுற்றிச் சீப்புப் பற்களைப் போன்ற செதில்கள் இருக்கும். எனினும் உங்கள் அம்மாவின் கண் தவறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் ஓரம் பல்பல்லாக வெட்டிய இலை, இரண்டுக்கும் உடம்பெங்கும் சுணை, இரண்டும் தொட்டவரை ஒரே மாதிரி வருத்துபவை. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே தற்காப்பைத் தனித்தனியே வளர்த்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் இதில் வியப்பு.

தனித்தனியே என்று சொல்வதற்குச் சான்று சுணையின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. நெட்டில் இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நரம்புகளின் மேலும் காம்பின் மேலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைகள் நிற்பதைக் காணலாம். ஒவ்வோர் இழையும் ஒரே உயிரணு. அதன் அடிப்பகுதி பை போலப் பருத்து, பல சிற்றணுக்களால் ஆன ஒரு மேடையில் புதைந்திருக்கும். நுனிப்பகுதியின் சுவர் சிலிக்காவால் இறுகியது. நுனியில் ஒரு சிறு குமிழ். குமிழுக்குச் சற்றுக் கீழே சுவர் மிக மெலிந்திருப்பதால், தோல் பட்டவுடன் அந்த இடத்தில் சாய்வாக முறிந்து, மருத்துவரின் ஊசிமுனை போன்ற ஒரு கூர்மை வெளிப்படும். அது தோலில் இறங்கும்போது ஏற்படும் அழுத்தத்தில் அடிப்பை நசுங்கி, உள்ளிருக்கும் நீர் தோலுக்குள் பாய்ந்துவிடும். ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியின் கீழ் நெட்டில் சுணை தம் விரலிலேயே குத்துவதைக் கவனித்து 1665இல் எழுதி வைத்தார். நுண்ணோக்கியால் பார்த்து எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. செந்தட்டியின் சுணையில் இந்தக் கண்ணாடிக் குழாய் கிடையாது. அதன் நடு அணுவுக்குள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஊசி வடிவப் படிகம் ஒன்று காத்திருக்கும். தோல் பட்டதும் மெல்லிய சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே நீண்டு குத்தும்.

உள்ளே பாயும் நீர் எது என்பது பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் பலவற்றில் இன்னும் ஃபார்மிக் அமிலம் என்றுதான் இருக்கிறது. எறும்புக் கடிக்கு அது பொருந்தும். நெட்டிலில் இருக்கும் அளவு அந்த எரிச்சலை விளக்கப் போதாது. 1947இல் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்ற இருவர் அந்த நீரில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதைக் காட்டினர். சில ஆண்டுகளில் செரோட்டோனினும் கண்டறியப்பட்டது. இம்மூன்றும் நம் உடம்பே தயாரிக்கும் பொருள்கள். ஹிஸ்டமின் ஒவ்வாமையின்போது தோலைச் சிவக்கவும் தடிக்கவும் வைப்பது. மற்ற இரண்டும் நரம்புகள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்துபவை. வலியை உண்டாக்க இச்செடி புதிதாக ஒரு நஞ்சைத் தேடவில்லை. விலங்கின் நரம்புக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள்களையே தானும் செய்துகொள்கிறது. தடிப்பு சில மணி நேரத்தில் வடிந்த பிறகும் மறுநாள் வரை குறுகுறுப்பு நீடிப்பதற்கு ஆக்சாலிக், டார்ட்டாரிக் அமிலங்களும் காரணம் என்று ஆசிய நெட்டில் ஒன்றில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

நெட்டிலின் நெருங்கிய உறவுகளில் சில இதைவிட மிகக் கொடியவை. புதுச்சேரியில் தாவரத் தோட்டத்தை அமைத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோல் தெ லா தூர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பட்ட பாட்டைத் தாமே பதிவு செய்திருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஒரு பெரிய கொட்டும் செடியின் இலை, காலை ஏழு மணிக்கு அவருடைய இடக்கையின் மூன்று விரல்களை லேசாகத் தொட்டது. அப்போது சிறு குத்தல்தான். ஒரு மணி நேரத்தில் விரல்களில் காய்ச்சிய இரும்பைத் தேய்ப்பது போன்ற வலி; வீக்கமோ கொப்புளமோ எதுவும் இல்லை. வலி அக்குள் வரை ஏறியது. தும்மலும் மூக்கொழுகலும் தொடங்கின. நண்பகலில் தாடை இறுகிக்கொள்ள, இசிவு நோய் கண்டுவிட்டதோ என்று அஞ்சிப் படுத்துவிட்டார். கையைத் தண்ணீரில் வைக்கும்போதெல்லாம் வலி திரும்பி வந்தது. முழுதும் விலக ஒன்பது நாள் ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் கிம்பி கிம்பி என்னும் கொட்டும் மரமும் இதே இனத்தைச் சேர்ந்தது. சிலந்தி, கூம்புச் சங்கு ஆகியவற்றின் நஞ்சை ஒத்த சிறு புரதங்கள் அதில் உள்ளன என்று 2020இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். நியூசிலாந்தின் உர்டிகா ஃபெராக்ஸ் என்ற மரநெட்டில் 1961இல் ஒருவரின் உயிரையே பறித்தது.

இத்தனை ஆயுதமும் யாருக்காக என்றால், மேயும் பாலூட்டிகளுக்காக. முயலும் ஆடும் மானும் சுணை மிகுந்த செடியை விட்டுவிட்டுச் சுணை குறைந்ததைத் தின்னும். ஆகவே மேய்ச்சல் மிகுந்த இடத்தில் சுணை மிகுந்த செடிகளே தப்பி விதை விடும். ஜப்பானின் நாரா நகரில் பல நூற்றாண்டுகளாக மான்கள் காக்கப்பட்டுத் திரியும் பூங்காவில் வளரும் நெட்டிலை, மான் இல்லாத இடங்களில் வளரும் அதே வகையோடு ஒப்பிட்டபோது, பூங்காச் செடியில் சுணை பல மடங்கு அடர்ந்திருந்தது. ஒரு கோயில் நகரம் மான்களைப் போற்றியதன் விளைவு ஒரு செடியின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. பூச்சிகளை மட்டும் இந்தச் சுணை தடுப்பதில்லை. மயிற்கண் வண்ணத்துப்பூச்சி, ரெட் அட்மிரல் போன்றவற்றின் புழுக்கள் ஊசிகளுக்கு இடையே நடந்து இலையைத் தின்று வளர்கின்றன. மேயும் விலங்கு வாய் வைக்காத செடி அவற்றுக்குப் பாதுகாப்பான வீடும் ஆகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பறக்கும் இந்திய ரெட் அட்மிரலும் அங்குள்ள நெட்டில் குடும்பச் செடிகளில்தான் முட்டையிடுகிறது.

இனி, நீங்கள் ஏன் அந்த இடிந்த வீட்டருகே அதன்மேல் உரசினீர்கள் என்பதற்கு வருகிறேன். இதுதான் எனக்கு இந்தச் செடியிடம் மிகப் பிடித்த செய்தி. நெட்டில் மண்ணில் நைட்ரஜனையும், அதைவிட முக்கியமாகப் பாஸ்பேட்டையும் மிகுதியாக வேண்டுவது. பாஸ்பேட் குறைந்த காட்டு மண்ணில் அது வளர முடியாமல் தவிப்பதை 1964இல் பிகட், டெய்லர் ஆகிய இரு ஆங்கில ஆய்வாளர்கள் காட்டினர். மனிதர் வருவதற்கு முன்னர் அதன் வீடு ஆற்றோரச் சேற்று நிலமாக இருந்திருக்க வேண்டும். பிறகு மனிதர் குடியேறி, ஆடுமாடு கட்டி, சாணத்தையும் அடுப்புச் சாம்பலையும் எலும்பையும் கழிவையும் வாசலிலேயே கொட்டத் தொடங்கியதும், அது கேட்ட உரம் ஊருக்கு ஊர் கிடைத்துவிட்டது. நைட்ரஜன் மழையில் கரைந்து போய்விடும். பாஸ்பேட் மண்துகளோடு பிணைந்து நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். ஆகவே ஊர் அழிந்து, சுவர் விழுந்து, பெயரும் மறந்த பின்னும் மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் நெட்டில் மட்டும் வருடந்தோறும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் ரோமானியர் காலத்துக் குடியிருப்புகள் இருந்த நிலத்திலும் நெட்டில் அடர்ந்து நிற்பதைத் தொல்லியலாளர் கவனித்திருக்கின்றனர். ஸ்காட்லந்தில் மக்கள் வெளியேறிவிட்ட மலைக்கிராமங்களில் வீடு எது, தொழுவம் எது என்று தரையைப் பார்த்தே சொல்ல இந்தப் பச்சைப் புதர்கள் உதவுகின்றன. நீங்கள் நின்றது ஏதோ ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சாம்பல் கொட்டிய இடமாக இருக்கக்கூடும்.

அப்படி வாசலில் வந்து நின்ற செடியை மக்கள் சும்மா விடவில்லை. அதன் தண்டிலிருந்து நீளமான, பட்டுப்போன்ற நார் கிடைக்கும். டென்மார்க்கின் ஃபியூன் தீவில் லூசஹோய் என்ற மேட்டில், ஏறத்தாழ 2800 ஆண்டுகளுக்கு முன் வெண்கலத் தாழியில் வைத்த எலும்புகளைச் சுற்றியிருந்த துணி நெடுங்காலம் ஆளிவிதை நார்த் துணி என்றே கருதப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வு அதை நெட்டில் துணி என்று நிறுவியதோடு, அந்த நார் இன்றைய ஆஸ்திரியப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்றும் காட்டியது. ஆளிச் செடியைப் பயிரிடத் தெரிந்த காலத்திலேயே, காட்டிலிருந்து பறித்த நாரால் நெய்த துணியைத் தொலைவிலிருந்து தருவித்து ஒரு பெரியவரின் எலும்பைச் சுற்றியிருக்கிறார்கள் என்றால், அதை ஏழைகளின் துணி என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னர் பருத்தி வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. முதல் உலகப் போரில் பருத்தி வரத்து அடைபட்டபோது ஜெர்மனி மீண்டும் நெட்டிலைத் தேடி, படைவீரர் உடைக்கு அதன் நாரைப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் கைவிட்டது.

நேப்பாளத்தின் கிழக்கு மலைகளில் இது இன்றும் நடைபெறும் தொழில். அல்லோ என்று அவர்கள் அழைக்கும் இமயமலை நெட்டில் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. அதன் சுணை ஐரோப்பிய வகையைவிடக் கடுமையானது. தண்டை வெட்டிப் பட்டையை உரித்து, மரச்சாம்பல் கலந்த நீரில் மணிக்கணக்கில் வேகவைத்து, அடித்து அலசி, நார் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிய வெண்களிமண்ணில் புரட்டிக் காயவைத்து, கையாலேயே நூற்கிறார்கள். நீலகிரியில் வளர்வதும் இதே செடிதான். தோடர்கள் அதை வேகவைத்துச் சுணையைப் போக்கி நாரெடுத்து நூலாக்கியதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. இன்னோர் உறவான ரேமிக்குச் சுணையே கிடையாது. சீனாவில் பல நூற்றாண்டுகளாகக் கோடைத் துணிக்குப் பயிரிடப்படுவது அது. நனைந்தால் மேலும் வலுப்பெறும் அந்த நாரின் பெயர், நாம் வாங்கும் லினன் கலப்புச் சட்டைகளின் உட்புறச் சீட்டில் சில வேளை அச்சிடப்பட்டிருக்கும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இளங்கொழுந்தைப் பறித்துக் கொதிநீரில் போட்டதும் சுணை குழைந்து செயலிழந்துவிடும். பிறகு அது சத்துள்ள ஒரு கீரை. இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் ஏ, சி, கே ஆகியவை நிறைந்தது. நேப்பாளத்தில் சிஸ்னு, உத்தராகண்டில் கண்டாலி என்று அதைக் கடைந்து சோற்றோடு உண்கிறார்கள். சிங்கப்பூரில் வாழும் நேப்பாள நண்பர்களிடம் கேட்டால் மூங்கில் இடுக்கியால் அதைப் பறிக்கும் முறையை விவரிப்பார்கள். திபெத்தியத் துறவி மிலரெபா குகையில் நெட்டில் கஞ்சியை மட்டுமே குடித்துத் தவமிருந்ததால் மேனியே பச்சையாகிவிட்டது என்பது மரபு. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1661ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெட்டில் கஞ்சி குடித்து, மிக நன்றாக இருந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். குளிர்காலம் முழுதும் பச்சைக் காய்கறி காணாதவர்களுக்கு வசந்தத்தில் முதலில் தலைகாட்டும் கீரை இது என்பதை நினைத்தால் அந்த மகிழ்ச்சி புரியும். பூத்த பிறகு இலையில் சுண்ணத் துகள்கள் சேர்வதால் முற்றிய இலையை உண்பதில்லை.

மருந்தாக அதன் வரலாறு நெடியது, சான்றோ கொஞ்சம். வலிக்கும் மூட்டின்மேல் வேண்டுமென்றே நெட்டிலால் அடித்துக்கொள்ளும் பழக்கம் ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத்தில், கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மான வலி உள்ள 27 பேரிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு வாரம் நெட்டில் இலையையும், இன்னொரு வாரம் அதைப் போலவே தோன்றும் சுணையில்லாத வேறு இலையையும் வைத்துப் பார்த்ததில், நெட்டில் வைத்த வாரத்தில் வலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் பாட்டி வைத்தியம் என்று புறந்தள்ளியதை மருத்துவர்கள் பொறுமையாகச் சோதித்தது எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது. நெட்டில் வேர், முதிய ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு ஜெர்மனியில் கொடுக்கப்படுகிறது. அதன் பயன் குறித்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. செந்தட்டியின் வேரைச் சித்த மருத்துவம் தனியே பயன்படுத்துகிறது. ஒன்றுக்கான குறிப்பை மற்றொன்றுக்கு மாற்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூருக்கு வருவோம். ஐரோப்பிய நெட்டில் குளிர்நாட்டுச் செடி. நம் தீவின் வெப்பத்தில் அது தானாக வளர்வதில்லை. ஆனால் அதன் குடும்பம் நம் வாசலிலேயே இருக்கிறது. வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துப் பூந்தொட்டியிலும் வடிகால் சுவரின் விரிசலிலும் கடுகளவு இலைகளோடு சதைப்பற்றாகப் படர்ந்திருக்கும் பைலியா மைக்ரோஃபில்லா நெட்டில் குடும்பத்தது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அதற்குச் சுணை கிடையாது. ஆனால் நெட்டிலைப் போலவே அதன் ஆண்பூவின் மகரந்தத் தாள்கள் வில்லாக மடங்கியிருந்து, பூ விரியும்போது திடீரென நிமிர்ந்து மகரந்தத்தைக் காற்றில் வீசும். பூத்திருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்து, கருமையான பின்னணியில் சற்று நேரம் கவனித்தால் அந்தச் சிறு வெண்தூசி எழுவதைக் காணலாம். வெற்றுநிலங்களில் விரைந்து வளரும், கைவிரல்களாகப் பிரிந்த பெரிய இலைகளை உடைய செக்ரோபியா மரத்தையும் இப்போது இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். கொட்டும் வகைகளை மலாயில் ஜெலாத்தாங் என்பார்கள். மலேசியக் காடுகளில் நடைப்பயணம் போகிறவர்கள் முழுக்கால்சட்டை அணிவதற்கு அட்டை மட்டும் காரணமன்று.

செந்தட்டியின் குடும்பத்துக்கும் இங்கே ஆள் உண்டு. புளோக்கின் ஓரத்திலும் நடைபாதைக் கல்லிடுக்கிலும் வளரும் குப்பைமேனி, இலைத் தோற்றத்தில் நெட்டிலை நினைவூட்டினாலும் கொட்டாதது. அதன் வேரைத் தோண்டினால் பூனைகள் ஓடி வந்து மயங்கிப் புரளும். அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கு உணவு வைப்பவர்கள் பலருக்கு இது தெரியும். உங்கள் அம்மாவுக்கு ஊரை நினைவூட்ட வேண்டுமானால், அதைக் காட்டுவதற்குக் கீழ்த்தளம் வரை இறங்கினாலே போதும்.

மறுபடி எங்காவது கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஒடிந்த நுனிகள் இன்னும் ஆழமாக இறங்கும். சில நிமிடம் விட்டுவிட்டுச் சோப்பு நீரால் கழுவி, ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்தால் எஞ்சிய சுணை வந்துவிடும். பிறகு குளிர்ந்த துணி வைக்கலாம். பிரிட்டனில் டாக் என்ற செடியின் இலையைத் தேய்க்கச் சொல்வார்கள். இலையின் குளிர்ச்சி தரும் ஆறுதலைத் தாண்டி அதற்குச் சான்று இல்லை. மூச்சுத் திணறலோ முக வீக்கமோ கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் விற்கும் தேநீர்ப் பையில் இருப்பது உங்களைக் கொட்டிய அதே உர்டிகா டயோயிகாவின் உலர்ந்த இலைதான். உலர்த்தி நொறுக்கி வெந்நீர் ஊற்றிய பின் அது கொட்டாது. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் வைட்டமின் கே மிகுந்த இலை என்பதால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கும், சிறுநீரைப் பெருக்கும் தன்மை உள்ளதால் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர்ப் போக்குக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம்; கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) உள்ள மருந்தாளரிடம் பொட்டலத்தைக் காட்டிக் கேட்ட பிறகே குடிக்கத் தொடங்குங்கள்.